கொழும்பில் இருந்துகொண்டே திருகோணமலைக் கிளையின் கணினியை எப்படிப் பூட்டுகிறார்கள்?

நிறுவனத்தின் கிளையில் ஒருவர் வேலையை விட்டதும் அவருடைய கணக்கைத் தலைமையகமே மூடிவிடும். பயனர் பெயர், கடவுச்சொல், அனுமதி எல்லாம் அந்தந்தக் கணினியில் இல்லாமல் ஒரு மையப் பதிவேட்டில் இருப்பதே காரணம். விண்டோஸ் 2000 உடன் மைக்ரோசொஃப்ட் தந்த அக்டிவ் டிரெக்டரி அப்படியான ஒன்று. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் மென்பொருள் திருத்தங்களையும் மையத்திலிருந்தே அனுப்பலாம். ஒரு கணினி விடுபட்டாலும் அதுவே திருடனுக்கு வாசல்.

உப்புவெளியில் வீட்டுக்கு வீடு கிணறு என்றால் ஒவ்வொன்றிலும் குளோரின் போட வேண்டும். குழாய்த் தண்ணீருக்குத் தாங்கியில் போட்டால் போதும். மையப் பதிவேடும் அந்தத் தாங்கி போலத்தான். (தாங்கியில் நஞ்சு விழுந்தால் ஊருக்கே கேடு, அதனால்தான் பதிவேட்டையே மாற்றக்கூடிய நிர்வாகியின் கணக்குக்கு அத்தனை காவல்.)

எல்லாக் கோப்பும் ஒரே கணினியில் கிடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, கட்டுப்பாடுதான் ஒன்று, அந்தப் பதிவேட்டுக்கே வழக்கமாகப் பல பிரதிகள் உண்டு.