அண்ணாச்சி பதில்கள்: அடிஸ் அபாபா போகலாமா?

போன இதழில் பாளையங்கோட்டை வாசகர் ஒருவர், எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபாவில் கல்லூரி வேலை வருகிறது, போகலாமா என்று கேட்டிருந்தார். நான் அந்த ஊரில் பாடம் எடுத்துத் திரும்பியவன் என்பதால் நாலு வரி பதில் எழுதினேன். அதுக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் நம்ம ஜில்லாவில் பாதிப் பேர் பெட்டி கட்டிக்கொண்டு நிற்பது மாதிரி இருக்கிறது. அதனால் இந்தத் தடவை மருமகள் சண்டை, பட்டா மாறுதல் கேள்விகளுக்கு எல்லாம் லீவு. முழுக்க அடிஸ் அபாபாதான்.

என் மகனுக்கு அங்கே ஒரு தனியார் கல்லூரியில் வேலை இருப்பதாக ஏஜென்ட் சொல்கிறார். முதலில் டூரிஸ்ட் விசாவில் போய், பிறகு வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாமாம். ஒன்றரை லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா அண்ணாச்சி?
- வீரவநல்லூர் வாசகர்

கொடுக்காதீங்க. டூரிஸ்ட் விசாவை வைத்துக்கொண்டு அங்கே வேலை பார்க்க முடியாது. வேலைக்கென்று தனி விசா, அதன் மேல் வேலை அனுமதி, அதுக்கப்புறம் தங்கும் அட்டை என்று வரிசை இருக்கிறது, அதைத் தொடங்கி வைக்க வேண்டியது வேலை கொடுக்கிற கல்லூரி. உண்மையிலேயே ஆள் வேண்டும் என்கிற கல்லூரி உங்க பையனிடம் பட்டச் சான்றிதழைக் கேட்கும், அதில் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், டெல்லியில் இருக்கும் எத்தியோப்பியத் தூதரகம் என்று முத்திரை வாங்கி வரச் சொல்லும். இந்த அலைச்சலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் பணத்தை மட்டும் பேசுகிற ஏஜென்ட் பக்கமே போகாதீங்க. அவர் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம், வீட்டில் உட்கார்ந்தபடியே அஞ்சு நிமிஷ வேலை.

சம்பளம் நல்லா இருக்கு என்கிறார்கள். மிச்சம் பிடிக்க முடியுமா? ஊரில் வீட்டுக்கடன் ஓடுகிறது.
- அம்பாசமுத்திரம், கல்லூரி ஆசிரியர்

எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இது, ஆனால் கேட்டவர் நீங்க ஒருத்தர்தான். மற்றவர்கள் அங்கே வெயில் அடிக்குமா, ஆட்கள் நல்லவர்களா என்றே கேட்டிருக்கிறார்கள்.

அங்கே பணத்தின் பெயர் பிர்ர். 2024 ஜூலை கடைசியில் அந்த அரசாங்கம் பிர்ரின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டது. அதுவரை ஒரு டாலருக்கு 57 பிர்ர் என்று இருந்தது சில வாரத்திலேயே 100-ஐத் தாண்டிவிட்டது. பிர்ரில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரருக்கு வேலையும் அதே, சம்பளச் சீட்டில் எண்ணும் அதே, ஊருக்கு அனுப்புகிற ரூபாய் மட்டும் பாதிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வீட்டுக்கடன் அதைப் பார்த்துப் பாதியாகக் குறையப் போகிறதா என்ன?

ஆகவே கையெழுத்துப் போடுகிறதுக்கு முன்னாடி மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்க. சம்பளம் டாலரிலா, டாலர் மதிப்புக்கு ஈடான பிர்ரிலா, வெறும் பிர்ரிலா? இந்த மூன்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அடுத்து, எந்த அளவு வரைக்கும் டாலராக மாற்றி வெளியே அனுப்பலாம், அதுக்கு வேண்டிய காகிதத்தை ஒவ்வொரு மாசமும் யார் கொடுப்பார்கள்? அந்த நாட்டில் டாலர் தட்டுப்பாடு பல வருஷமாக இருக்கிறது, வங்கியில் உங்க பிர்ர் பத்திரமாக இருக்கும், அதை டாலராக்கி அனுப்பத்தான் வரிசையில் நிற்க வேண்டி வரும். மூன்றாவது, வீடும் வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் வந்துபோகிற டிக்கெட்டும் யார் செலவு?

வெளியே ஒரு ஆள், டாலரைக் கொடுங்க, வங்கியைவிடக் கூடுதலாகப் பிர்ர் தருகிறேன் என்று காதோடு சொல்வார், அங்கே வேலை பார்க்கிறவர்களே சிலர் அவரை உங்களுக்குக் கைகாட்டியும் விடுவார்கள். அது சட்டவிரோதம், மாட்டினால் வேலையும் போகும். டாலர் அல்லது டாலர் மதிப்பில் சம்பளம், வீடு கல்லூரி பொறுப்பு என்றால் தாராளமாகப் போங்க. வெறும் பிர்ர் என்றால், கடன் இருக்கிறவர் போகக் கூடாது என்பதுதான் என் அபிப்பிராயம்.

மகன் சுத்த சைவம், முட்டைகூடத் தொட மாட்டான். ஆப்பிரிக்காவில் என்னத்தைச் சாப்பிடுவான் என்று நினைத்தாலே தூக்கம் வரவில்லை.
- கல்லிடைக்குறிச்சி, ஓர் அம்மா

நிம்மதியாகத் தூங்குங்க அம்மா. அந்த ஊர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் விரதம், ஈஸ்டருக்கு முன்னாடி 55 நாள் விரதம், இன்னும் பல விரதங்கள் தனி. விரதம் என்றால் கறி, முட்டை மட்டுமில்லை, பால், நெய், மோர் எதுவும் ஆகாது. ஹோட்டலில் போய் "சோம் பெயாய்நெட்டு" என்று கேட்டால் போதும், சுளகு அகலத்துக்கு ஒரு தட்டு வரும். அடியில் இஞ்ஜெரா விரித்திருப்பார்கள். டெஃப் என்கிற பொடித் தானியத்தை அரைத்து, சில நாள் புளிக்க வைத்து, பெரிய கல்லில் ஒரு பக்கம் மட்டும் வேக வைத்து எடுப்பது, மேலெல்லாம் கண் கண்ணாக இருக்கும். அதன் மேல் மசூர்ப் பருப்பைக் காரமாக ஒரு குவியல், மஞ்சள் போட்ட பட்டாணிப் பருப்பு ஒன்று, கீரை, கோஸும் கேரட்டும், பீட்ரூட், நடுவில் ஷிரோ என்கிற கடலைமாவுக் குழம்பு. காரம் நம்ம ஊர் நாக்குக்குக் காணும். கையால்தான் சாப்பிடணும், அதுவும் வலது கையால், அதனால் ஸ்பூனோடு மல்லுக்கட்டுகிற வேலையில்லை.

இரண்டு எச்சரிக்கை. விரதமில்லாத நாளில் ஷிரோவில் நெய் விடுவார்கள், அது ஆகாது என்றால் "கிபே வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டும். விரதத்தில் மீன் சேர்த்துக்கொள்கிற ஆட்களும் உண்டு, தட்டைப் பார்த்துவிட்டுக் கை வைக்கணும். இஞ்ஜெராவின் புளிப்பு முதல் வாரம் சிலருக்குப் பிடிக்காது. அப்புறம், எல்லாரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள், பாசம் கூடினால் ஒரு வாயை உருட்டி நேரே உங்க மகன் வாயில் ஊட்டிவிடுவார்கள். எச்சில் பத்து பார்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒன்றுதான் சங்கடம். வேண்டாம் என்றால் அவர்கள் மனசு வாடிப்போகும், ஒரு வாய் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்க.

தெருவில் சிங்கம் வருமா தாத்தா?
- வள்ளியூர், ஏழாம் வகுப்பு மாணவன்

வராது. கழுதைப்புலி வரும், நிஜமாகத்தான் சொல்கிறேன். ராத்திரி ஊர் ஓரத்தில் குப்பையைக் கிளற வரும், ஊளை கேட்கும்.

மருமகன் அனுப்பிய வாடகை ஒப்பந்தத்தில் 2018 என்று தேதி போட்டிருக்கிறது. பழைய பேப்பரைக் காட்டி ஏமாற்றுகிறார்களா?
- தென்காசி வாசகர்

ஏமாற்றவில்லை. அவர்கள் நாட்காட்டி நம்முடையதைவிட ஏழு எட்டு வருஷம் பின்னால் ஓடும். 2025 செப்டம்பர் 11 அன்றுதான் அங்கே 2018 பிறந்தது. முப்பது நாள் மாதம் பன்னிரண்டு, கடைசியில் ஐந்தோ ஆறோ நாளுக்கு ஒரு குட்டி மாதம், ஆக மொத்தம் பதின்மூன்று. வாடகை, விசா, வேலை ஒப்பந்தம் எதுவானாலும் பக்கத்திலேயே நம்ம தேதியையும் எழுதி வாங்கச் சொல்லுங்க, பின்னாடி முடிகிற தேதியில் தகராறு வராது.

கடிகாரமும் அப்படித்தான். விடிகாலை ஆறு மணியில் இருந்து எண்ணுவார்கள், நம்ம காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி. பிளம்பர் மூன்று மணிக்கு வருகிறேன் என்றால் காலை ஒன்பது என்று அர்த்தம். மத்தியானம் வருவார் என்று நீங்க வெளியே போயிருப்பீங்க, அவர் வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருப்பார். விமான டிக்கெட்டில் மட்டும் நமக்குப் பழகின நேரம்.

கணவரோடு நானும் போகிறேன். குடித்தனம் எப்படி இருக்கும்? என்ன கொண்டு போகட்டும்?
- சுரண்டை வாசகி

தாயி, முதலில் குக்கர், கூடவே இரண்டு கேஸ்கெட். ஊர் சுமார் 2,350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டியைவிட மேலே. அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பைப் போட்டால் மத்தியானம் போட்டது சாயங்காலம் வரைக்கும் கிடக்கும். குளிருக்கு இட்லி மாவும் லேசில் பொங்காது. புளி, பெருங்காயம், இட்லி அரிசி கொஞ்சம் எடுத்துக்கோங்க. தேங்காய் அபூர்வம், விலையும் ஜாஸ்தி, சொதியை ஊருக்கு வரும்போது பார்த்துக்கலாம்.

முதல் சில நாள் மாடி ஏறினால் மூச்சு வாங்கும், தூக்கம் கலையும். தண்ணீர் நிறையக் குடிச்சு, மெதுவாக நடந்தால் சரியாகிவிடும். இருதயக் கோளாறோ ஆஸ்துமாவோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கிளம்பாதீங்க. அந்த உயரத்துக்கு நகரத்தில் மலேரியா பயம் கிடையாது, ஆனால் தாழ்வான பகுதிகளுக்குச் சுற்றுலா போனால் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும் மழை, நம்ம குற்றால சீசன் நடக்கிற அதே மாசங்கள்தான். ஆனால் அங்கே சாரல் இல்லை, மத்தியானத்துக்கு மேல் அடித்து ஊற்றும், சில நாள் ஆலங்கட்டியும் விழும். ஸ்வெட்டர், நல்ல மழைக்கோட்டு இரண்டும் வேணும்.

வீடு பார்க்கும்போது டைல்ஸைப் பார்க்காதீங்க, மொட்டைமாடியைப் பாருங்க. "ரோட்டோ" என்று சொல்கிற பிளாஸ்டிக் தொட்டி பெரிசாக இருக்கிறதா, கரண்ட் போனால் மோட்டாருக்கு ஏதாவது வழி இருக்கிறதா? பல பேட்டைகளில் குழாய்த் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சியே குடிங்க. வாடகையில் ஒரு பகுதியை முன்பணமாகக் கேட்பார்கள், தரகருக்கும் தனியாகக் கொடுக்கணும்.

தனியாகப் போகும் பெண்ணுக்குப் பாதுகாப்பா?
- சங்கரன்கோவில், ஆராய்ச்சி மாணவி

நகரத்துக்குள் பகலில் தைரியமாக நடக்கலாம், அங்கே பெண்கள் எல்லா வேலையிலும் வெளியில் இருப்பவர்கள். பயம் உயிருக்கு இல்லை, போனுக்குத்தான். மெர்காட்டோ சந்தை, மெஸ்கல் சதுக்கம் பக்கம் டிஷ்யூ, சூயிங்கம் விற்கிற பையன்கள் சூழ்ந்துகொள்வார்கள், ஒருத்தன் அட்டைப்பெட்டியை உங்க இடுப்புக்கு நேரே நீட்டி "வாங்குங்க, வாங்குங்க" என்பான். அந்த அட்டைக்கு அடியில் இன்னொரு கை வேலை பார்க்கும். யாராவது உடம்பில் எதையாவது சிந்திவிட்டுத் துடைக்க வந்தாலும் அதே கதை. பையை முன்னால் போட்டுக்கொண்டு நிற்காமல் நடங்க. இருட்டினபிறகு ஆப்பில் கார் கூப்பிடுங்க, நீலம் வெள்ளை மினிபஸ் பகலுக்கு நல்லது. அரண்மனை, ராணுவம், அரசுக் கட்டடம் எதையும் போட்டோ எடுக்காதீங்க.

ஆராய்ச்சிக்காக வெளியூர் போக வேண்டியிருந்தால் நிலைமையை அன்றன்றைக்கு விசாரிக்கணும். வடக்கே திக்ரே பகுதியில் நடந்த போர் 2022 நவம்பர் ஒப்பந்தத்தில் நின்றது, ஆனால் அம்ஹாரா பகுதியில் 2023-ல் தொடங்கிய சண்டை வேறு. சாலை வழியாக நீண்ட பயணம் வேண்டாம் என்பேன். இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிந்து வையுங்க.

ஒரு சந்தோஷமான விஷயமும் உண்டு. ஹைலே செலாசி மன்னர் காலத்திலேயே நம்ம நாட்டு ஆசிரியர்கள் அங்கே பள்ளிக்கூடங்களில் பாடம் எடுத்தார்கள். இந்தியா என்று சொன்னதும் வயசான டாக்சிக்காரர் வண்டியை மெதுவாக்கி, "எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தது இந்திய வாத்தியார்" என்று ஆரம்பிப்பார். நல்லா அடிப்பார் என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

மஞ்சள் காமாலை ஊசி போடாமல் விட மாட்டார்களாமே?
- கடையநல்லூர் வாசகர்

காமாலை வேறு, மஞ்சள் காய்ச்சல் வேறு. மஞ்சள் காய்ச்சல் ஊசி போடணும், கிளம்ப குறைந்தது பத்து நாள் முன்னால், சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மாதிரி அரசு அங்கீகரித்த இடத்தில் மட்டும். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் செல்லும். ஊசி போட்டதுக்குச் சான்றாக ஒரு மஞ்சள் அட்டை தருவார்கள், அது இல்லாமல் திரும்பி வந்தால் நம்ம விமான நிலையத்தில்தான் பிடித்து ஆறு நாள் வரை தனியாக வைப்பார்கள். அறுபது வயசு தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாதவர்களும் டாக்டரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஹலால் கிடைக்குமா? ஜும்மாவுக்கு வசதி உண்டா?
- மேலப்பாளையம் வாசகர்

தாராளமாக. அந்த நாட்டில் சுமார் மூன்றில் ஒருவர் முஸ்லிம், மெர்காட்டோவிலேயே பெரிய அன்வர் பள்ளிவாசல் இருக்கிறது. கறிக்கடையே இரண்டு சமயத்தாருக்கும் தனித்தனி, பிறைக்குறி பார்த்துப் போங்க.

வேலைக்கு இல்லை, இரண்டு நாள் இறங்கிப் பார்த்துவிட்டு வரலாம் என்று யோசனை. எதைப் பார்க்க?
- பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற தம்பதி

தேசிய அருங்காட்சியகத்தில் லூசி. 1974-ல் அந்த நாட்டு ஹடார் என்கிற இடத்தில் தோண்டி எடுத்த, 32 லட்சம் வருஷத்துக்கு முந்தைய மனித மூதாதை ஒருத்தியின் எலும்புக்கூடு, காட்சிக்கு வைத்திருப்பது நகல்தான், இருந்தாலும் பாருங்க, பள்ளிக்கூடப் பிள்ளை உயரம்தான் இருக்கும். ஹைலே செலாசி அடக்கமான டிரினிட்டி தேவாலயம். 1896-ல் அட்வாவில் இத்தாலிப் படையைத் தோற்கடித்ததைச் சொல்லும் நினைவுக் கூடம் 2024-ல் பியாசா பகுதியில் திறந்தார்கள். பழைய பியாசாத் தெருக்களைச் சாலை விரிவுக்காக நிறைய இடித்துவிட்டார்கள், அதில் எனக்கு வருத்தம் உண்டு. என்டோட்டோ மலைக்கு முதல் நாளே ஏறாதீங்க, மூச்சு பழகட்டும்.

காபியை நின்றபடி குடித்துவிட்டு ஓடாதீங்க. பச்சைக் கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து, புகையை ஒவ்வொருத்தர் முகத்துக்கும் காட்டி, இடித்து, ஜெபனா என்கிற மண்கூஜாவில் காய்ச்சி, மூன்று சுற்று ஊற்றுவார்கள். தொட்டுக்கப் பொரித்த சோளம். இரண்டாவது சுற்றிலேயே எழுந்துவிட்டால் மரியாதையில்லை.

பேத்தி அங்கே இருக்கிறாள். போன் பண்ண எது தோதான நேரம்?
- சேரன்மகாதேவி, ஒரு பாட்டி

நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் அவர்கள். நீங்க ராத்திரி ஒன்பதுக்குப் படுக்கிறவர் என்றால் அவளை அங்கே சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடச் சொல்லுங்க, இங்கே எட்டரை. வாட்ஸப் சில சமயம் இழுக்கும், அதுக்காக உடனே பதறி என் வீட்டுக்குப் போன் போட வேண்டாம்.