கடற்கரையே வகுப்பறை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். கடல் அறிவியலைக் களத்தில் கற்பிப்பதற்கான பயிற்சி என்று எங்களை இரண்டு நாள் அழைத்திருந்தார்கள். நேரமெல்லாம் அரங்கிற்குள் படக்காட்சியும் சொற்பொழிவுமாகவே கழிந்தது. இரண்டாம் நாள் மாலை அரை மணி நேரம் கடற்கரைக்குச் சென்றபோது நீர் நன்றாக ஏறியிருந்ததால், குழுவாகப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். சான்றிதழ் கையில் இருக்கிறது. மாணவர்களைக் கடலுக்கு அழைத்துச் செல்லும் துணிவு மட்டும் வரவில்லை. முறையான பயிற்சி எப்படி இருக்க வேண்டும், அம்மா?

பதில்: தங்கள் தயக்கம் முற்றிலும் நியாயமானது. களத்தில் கற்பிக்க வேண்டியவர் முதலில் அதே களத்தில் மாணவராக இருந்திருக்க வேண்டும். அந்த வாய்ப்பு தங்களுக்குக் கிடைக்கவில்லை. இது புதிதாக யாரும் கண்டுபிடித்த கருத்தன்று. 1873ஆம் ஆண்டு கோடையில், இயற்கையியல் அறிஞர் லூயி அகாசிஸ், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலோரத்தில் உள்ள பெனிகீஸ் என்னும் சிறு தீவில் ஒரு கோடைப் பள்ளியைத் தொடங்கினார். அங்கு வந்து சேர்ந்த ஏறத்தாழ ஐம்பது பேரில், ஆண்களும் பெண்களுமாக, பலர் ஆசிரியப் பணியில் இருந்தவர்கள். புத்தகத்தை ஒருபுறம் வைத்துவிட்டு உயிரினத்தைப் பாருங்கள் என்பதே அகாசிஸின் முறை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவர் மறைந்தார். அடுத்த கோடையோடு பள்ளியும் மூடப்பட்டது. ஆனாலும் கடலோரத்தில் தங்கிக் கற்பது என்ற அந்த எண்ணம் தொடர்ந்து வளர்ந்து, 1888இல் அதே மாசசூசெட்ஸ் கடலோரத்தில் உள்ள உட்ஸ் ஹோல் என்னும் ஊரில் கடல் உயிரியல் ஆய்வகம் தோன்றுவதற்கான தூண்டுதல்களுள் ஒன்றாயிற்று.

பயிற்சியின் தேதியை முடிவு செய்ய வேண்டியது ஓதம், அதாவது கடல்நீர் நாள்தோறும் ஏறி வற்றுவது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் நீர் மிகுதியாக ஏறி மிகுதியாக வற்றும். வேறு நாட்களில் மூழ்கியே கிடக்கும் பாறைகளும் கடற்புல் திட்டுகளும் அப்போது வெளிப்படும். பெரும்பாலான கரைகளில் ஒரு தாழ் ஓதத்திற்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும் என்பதால், இன்று காலை எட்டு மணிக்கு வற்றிய நீர் நாளை காலை எட்டே முக்காலைத் தாண்டித்தான் வற்றும். ஓத அட்டவணையைத் தம் கையால் படித்து, களம் செல்லும் நேரத்தைத் தாமே குறிப்பது ஆசிரியருக்கு முதல் பாடமாக இருக்க வேண்டும். தாங்கள் சென்ற மாலையில் நீர் ஏறியிருந்ததற்குக் காரணம், இந்த அட்டவணையை எவரும் பார்க்காததுதான்.

அடுத்தது, பார்த்தல். ஒரு முகாமில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். கொட்டலசு (barnacle) என்னும் சிறு கடலுயிர்கள் ஒட்டிய கைப்பிடி அளவு கல்லொன்றை வெள்ளைத் தட்டில் வைத்து, அது மூழ்கும்படி கடல்நீர் ஊற்றி, ஐந்து நிமிடம் எவரும் பேசாமல் பார்க்க வேண்டும் என்றோம். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சாம்பல் நிறக் கூம்பு ஒன்றின் உச்சியில் இருந்த சிறு கதவுகள் விலகின, இறகு போன்ற கால்கள் வெளியே நீண்டு, நீரை ஒருமுறை வாரி உள்ளே மடங்கின, மீண்டும் நீண்டன. சற்று நேரத்தில் கல் முழுவதும் அத்தகைய கால்கள் அசைந்தன. இருபது ஆண்டுகளாக உயிரியல் கற்பித்த ஓர் ஆசிரியை, “இது கல்லின் ஒரு பகுதி என்றே நினைத்திருந்தேன்” என்றார். இது நண்டின் உறவினம் என்பதையும், தலைப்பக்கத்தைப் பாறையில் ஒட்டிக்கொண்டு கால்களால் உணவை வாய்க்குள் வாரிக்கொள்கிறது என்பதையும் அதன் பிறகுதான் சொன்னோம். அந்த வரிசை மாறியிருந்தால், அவர் தாமாக அடைந்த வியப்பை நாங்கள் அவரிடமிருந்து பறித்திருப்போம்.

மூன்றாவது, அளத்தல். உயர் ஓதக் கோட்டிலிருந்து நீர் விளிம்பு வரை ஒரு கயிற்றை நீட்டி, மீட்டருக்கு ஒரு முடிச்சிட்டு, முடிச்சுதோறும் அரை மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டத்தை வைத்து, அதனுள் இருப்பவற்றை எண்ணுவது மிக எளிய முறை. பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள் நான்கு போதும். கரையின் மேற்பகுதியில் ஒரு வகை, கீழ்ப்பகுதியில் வேறு வகை என்று உயிரினங்கள் பட்டை பட்டையாக அமைந்திருப்பது தாளில் எழுதிய எண்களிலேயே தெரிந்துவிடும். ஏன் அப்படி என்று மாணவர் கேட்கும்போது, சூழலியலாளர் ஜோசஃப் கானல் ஸ்காட்லாந்தின் கம்பிரே தீவில் செய்து 1961இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். அங்கு கரையின் மேலே சிறிய கொட்டலசு வகையும், கீழே பெரிய வகையும் வாழ்ந்தன. பெரியதை அவர் அகற்றிப் பார்த்தபோது, சிறியது கீழேயும் நன்றாக வாழ்ந்தது. அதாவது, சிறிய வகை மேலே ஒதுங்கியதற்குக் காரணம், கீழே பெரிய வகை அதை நெருக்கி இடம் பறித்ததுதான். பெரிய வகை மேலே ஏறாததற்கோ, நீரின்றி அவ்வளவு நேரம் தாங்க முடியாததே காரணம். ஒரு கயிறும் ஒரு சட்டமும் எவ்வளவு ஆழமான கேள்விக்கு வாசல் திறக்கின்றன என்பதை ஆசிரியர் தாமே உணர்ந்தால், மாணவரிடம் சொல்லும் குரலிலேயே அது தெரியும்.

கடைசி நாளில், அதே இடத்திற்கு ஒரு சிறு மாணவர் குழுவை வரவழைத்து, பயிற்சி பெற்ற ஆசிரியரே நடத்த வேண்டும். பயிற்றுநர் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். இந்தப் பகுதியைக் குறைத்துக்கொள்ளும் பயிற்சி எதையும் நான் முழுமையானதாக எண்ணுவதில்லை.

கேள்வி: நான் கணித ஆசிரியர். எங்கள் பள்ளியில் களப்பயணப் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. கடல் உயிரினங்களின் பெயர்கள் எனக்குத் தெரியா. “இது என்ன சார்?” என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: “எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்லுங்கள், பிறகு உண்மையாகவே சேர்ந்து பாருங்கள். எத்தனை கால்கள், எங்கே ஒட்டியிருக்கிறது, தொட்டால் சுருங்குகிறதா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், பெயர் தெரியாமலேயே அந்த உயிரின் வாழ்க்கையில் பாதி தெரிந்துவிடும். ஓர் ஓவியமும் இடக்குறிப்பும் இருந்தால் பெயரைப் பின்னர் தேடிக்கொள்ளலாம். பெயரை உடனே சொல்லிவிட்டால் பிள்ளைகள் எழுதிக்கொண்டு அடுத்த பொருளுக்கு நகர்ந்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். எண்ணுதல், மாதிரி எடுத்தல், சராசரி, வரைபடம் ஆகியவை தங்கள் பாடமே. களப்பணியின் பாதிச் சுமையைத் தாங்கள் மற்றவர்களைவிட எளிதாகச் சுமப்பீர்கள்.

கேள்வி: தலைமையாசிரியராக இருக்கிறேன். ஆர்வம் உண்டு, ஆனால் கடல் என்றதும் பெற்றோரும் அஞ்சுகிறார்கள், நானும் அஞ்சுகிறேன். பயிற்சியில் பாதுகாப்புக்கு என்ன இடம் உண்டு?

பதில்: அந்த அச்சத்தைக் கைவிட வேண்டாம், அதை நடைமுறையாக மாற்றிக்கொள்ளுங்கள். தாழ் ஓதத்திற்கு இரண்டு மணி நேரம் முன்பே களத்திற்குச் சென்று, வற்றும் நீரைப் பின்தொடர்ந்து இறங்கி, நீர் திரும்பத் தொடங்கியதும் மேலேற வேண்டும். ஒரு பெரியவர் எந்த உயிரினத்தையும் பார்க்காமல் கடலையும் தலைகளின் எண்ணிக்கையையும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடலுக்கு எவரும் முதுகு காட்டக் கூடாது. வெறுங்காலுடன் இறங்கக் கூடாது. மணற்பாங்கான ஆழமற்ற நீரில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால், மணலுக்குள் புதைந்திருக்கும் திருக்கை மீன் விலகிப் போய்விடும். கூம்பு வடிவ அழகிய சங்குகளை எடுக்கக் கூடாது. அவற்றுள் சில வகைகளின் நஞ்சு மனித உயிரைப் பறிக்கக்கூடியது, அதற்கு முறிமருந்தும் இல்லை. இவற்றைத் தாளில் படித்தால் மறந்துவிடும் என்பதால், ஆசிரியர்கள் களத்திலேயே ஒத்திகை பார்க்க வேண்டும்.

உயிரினங்களின் பாதுகாப்பும் இதே வகுப்பில் அடங்கும். புரட்டிய கல்லை, புரட்டியபடியே விட்டுவிட்டால், அடிப்புறத்து உயிர்கள் வெயிலில் காய்ந்து மடியும். மேற்புறத்துப் பாசி வெளிச்சமின்றி அழியும். எனவே கல்லை மெல்லத் தூக்கி, பார்த்து, அதே பக்கமாகத் திரும்ப வைக்கப் பழக வேண்டும். காலிச் சங்கையும் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம்; துறவி நண்டுக்கு அதுதான் வீடு.

கேள்வி: எங்கள் பள்ளி கடலிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. எங்கள் ஆசிரியர்களுக்கு இப்பயிற்சியால் பயன் உண்டா?

பதில்: உண்டு. கயிறும் சதுரச் சட்டமும் குளக்கரையிலும் விளையாட்டுத் திடலின் புல்வெளியிலும் அதேபோல் பயன்படும். நீர் விளிம்பிலிருந்து விலக விலகச் செடிகள் மாறுவதை அங்கும் எண்ணிப் பார்க்கலாம். ஒரு லிட்டர் நீரில் 35 கிராம் உப்பைக் கரைத்து, சாயம் கலந்த நன்னீரை அதன் மேல் மெல்ல ஊற்றினால், இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்பதைக் கண்டு கழிமுகத்தைப் பற்றிப் பேசலாம். இவை கடலுக்கு ஈடாகா என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆண்டுக்கு ஒரு நாளாவது பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த ஆண்டின் கால அட்டவணையை எழுதத் தொடங்கும்போதே ஓத அட்டவணையைப் பக்கத்தில் விரித்து வைத்து, பகற்பொழுதில் நீர் மிகவும் வற்றும் நாளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். தேர்வுகளையும் விழாக்களையும் அதன் பிறகு நிரப்பலாம்.