ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குக் குடும்பத்தோடு போகிறோம்: டிஸ்னி ஓட்டலில் தங்குவதா, வெளியே வீடு எடுப்பதா?

நீங்கள் கேட்டிருப்பது இது. நீங்கள் இருவர், நான்கு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள், திருச்சியிலிருந்து வரப்போகும் அப்பா அம்மா, ஆக ஆறு பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி. எல்லாரும் சைவம். ஜூன் மாதம் ஐந்து இரவு. டிஸ்னிக்குப் பக்கத்து ஊரான கிஸிமியில் நீச்சல்குளத்தோடு தனி வீடு எடுக்கலாமா, டிஸ்னியின் சொந்த ஓட்டலிலேயே தங்கலாமா?

உங்கள் குடும்பத்துக்கு டிஸ்னி ஓட்டல்தான் சரி. அதிலும் ஸ்கைலைனர் என்கிற கேபிள் கார் வந்து நிற்கும் ஓட்டலாகப் பாருங்கள். நாங்கள் அட்லாண்டாவில் இருக்கிறோம். ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் ஆர்லாண்டோவுக்கு ஒரு சுற்று போவது வழக்கம். வெளியே வீடு எடுத்தும் தங்கியிருக்கிறோம், உள்ளேயும் தங்கியிருக்கிறோம். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

தங்கும் இடம் என்றதும் எல்லாரும் அறை வாடகை, குளம், காலைச் சாப்பாடு என்றுதான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு. மதியம் ஒரு மணிக்குப் பூங்காவின் நடுவில் நிற்கும் ஆள், கட்டிலில் காலை நீட்டிப் படுக்க எவ்வளவு நேரம் ஆகும்? சின்னப் பிள்ளையும் வயதானவர்களும் இருக்கும் குடும்பத்துக்கு மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஜூன் மாத ஃபுளோரிடாவில் காலையில் எல்லாரும் உற்சாகமாகத்தான் கிளம்புவார்கள். பதினொரு மணிக்குள் வெயில் ஏறிவிடும், காற்றில் ஈரம் வேறு. ஒரு மணிக்கு நான்கு வயதுப் பிள்ளை எதற்கெடுத்தாலும் அழும். அம்மா எதுவும் சொல்ல மாட்டார், ஆனால் கண்ணில் படுகிற பெஞ்சில் எல்லாம் உட்காருவார். மூன்று, நான்கு மணிக்கு இடியோடு மழை கொட்டுவதும் அங்கே அன்றாடம் நடப்பதுதான். மதியம் அறைக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு ஐந்தரைக்குத் திரும்பி வருகிறவர்களுக்கு வாணவேடிக்கை வரை தெம்பு இருக்கும். ஒரே நாளில் வெளியே போய்த் திரும்பி வர அதே டிக்கெட் போதும். அறைக்குப் போக முடியாதவர்கள் நான்கு மணிக்கே துவண்டுபோய்க் காருக்கு நடப்பார்கள், காசு கொடுத்த இரவுக் காட்சியைப் பார்க்காமலே.

இப்போது கிஸிமி வீட்டிலிருந்து, டிஸ்னி வேர்ல்டின் நான்கு பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டம் போய் வருவதைக் கணக்குப் போடுங்கள். பூங்காவின் முன்னால் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. கார் நிறுத்தும் இடம் ஏரிக்கு இந்தப் பக்கம், பூங்கா அந்தப் பக்கம். திரும்பும்போது வாசலைத் தாண்டிப் படகுக்கோ மோனோரயிலுக்கோ வரிசையில் நிற்க வேண்டும். இக்கரைக்கு வந்து இறங்கினால் காருக்கு டிராம். டிராமிலிருந்து இறங்கி ஸ்ட்ரோலரை (பிள்ளையை உட்காரவைத்துத் தள்ளும் வண்டியை) மடித்து டிக்கியில் வைத்து, பிள்ளைக்கு பெல்ட் போட்டுக் கிளம்பினால் அதற்கு மேல் இருபது முப்பது நிமிட ஓட்டம். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்றால் மதியம் யாரும் வீட்டுக்குப் போய் வரப்போவதில்லை. ஊபர் பிடித்தாலும் இதே கதைதான், அதுவும் ஏரிக்கு இந்தப் பக்கமே இறக்கிவிடும். எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் மூன்றிலும் கார் நிறுத்தம் வாசலை ஒட்டியே இருப்பதால் அங்கெல்லாம் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் அதிகம் விரும்புவது மேஜிக் கிங்டமைத்தான்.

உள்ளே என்றாலும் எல்லா ஓட்டலும் ஒன்றல்ல. டிஸ்னி வேர்ல்டு சுமார் 25,000 ஏக்கர். அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட ஓட்டல்கள் பரந்து கிடக்கின்றன. மேஜிக் கிங்டத்துக்கு மிக அருகில் இருப்பவை மோனோரயில் ஓட்டல்கள் மூன்று. கன்டெம்பரரி, பாலினீசியன் இரண்டும் 1971 இல் பூங்கா திறந்தபோதே திறந்தவை. கிராண்ட் ஃபுளோரிடியன் 1988 இல் வந்தது. கன்டெம்பரரியிலிருந்து பூங்காவுக்குப் பத்து நிமிடம் நடந்தால் போதும், மோனோரயில் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே புகுந்து போகும். ஆனால் ஆறு பேருக்கு அங்கே அறை எடுக்க விலை கேட்டால் பகீர் என்றிருக்கும். பணம் பொருட்டில்லை என்றால் யோசிக்காமல் கன்டெம்பரரிக்குப் போங்கள்.

நடுத்தரச் செலவில் நான் சொல்வது ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஓட்டலின் குடும்ப சூட். ஆறு பேர் படுக்கலாம், குளியலறை இரண்டு, சின்ன ஃபிரிட்ஜும் மைக்ரோவேவும் உண்டு. தனிக் கதவுள்ள படுக்கையறையை அப்பா அம்மாவுக்குக் கொடுத்துவிடலாம், அவர்களுக்கென்று குளியலறையும் அதை ஒட்டியே இருக்கும். அதிகாலை நான்கரைக்கு எழுந்து குளிக்கிறவர்களோடு பயணம் போகும்போது இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று உங்களுக்கே தெரியும். பதிவு செய்யும்போது அந்த ஓட்டலின் லிட்டில் மெர்மெய்ட் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே இருப்பவை சூட் அல்ல, நான்கு பேருக்கான சாதாரண அறைகள், கேபிள் கார் நிலையத்துக்கும் தூரம். ஓட்டலை ஒட்டிய சின்ன ஏரிக்கு எதிர்க்கரையில் இருக்கும் பாப் செஞ்சுரி ஓட்டலில், இடையில் கதவு உள்ள இரண்டு அறைகள் பல தேதிகளில் ஒரு சூட்டைவிட மலிவாக வரும். இரண்டு விலையையும் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள். இந்த இரண்டு ஓட்டலுக்கும் ஸ்கைலைனர் நிலையம் ஒன்றுதான், நடுவில் ஒரு பாலம்.

ஸ்கைலைனர் 2019 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. கரீபியன் பீச் ஓட்டலில் வண்டி மாறி, ஒரு பக்கம் ஹாலிவுட் ஸ்டூடியோஸ், இன்னொரு பக்கம் எப்காட் போகலாம். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருப்பதால், காலையில் பூங்கா திறக்கும் நேரத்தையும் இரவு மூடும் நேரத்தையும் விட்டால் பெரும்பாலும் நீண்ட காத்திருப்பு இருக்காது. ஸ்ட்ரோலரை மடிக்காமல் அப்படியே உருட்டி ஏற்றலாம். வண்டி முழுதாக நிற்காமல் மெதுவாக நகரும்போதுதான் ஏற வேண்டும் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் தயங்குவார்கள். சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று வண்டியை நிறுத்தி ஏற்றும் தனி வழி இருக்கிறது. அங்கே நிற்கும் ஊழியரிடம் அம்மாவின் முழங்காலைப் பற்றிச் சொல்லுங்கள். இரண்டு குறைகளையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே ஏசி கிடையாது, காற்று வரும் திறப்புகள் மட்டுமே. பக்கத்தில் மின்னல் அடித்தால் நிறுத்திவிடுவார்கள். ஜூனில் மழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால் ஒன்றரைக்கு முன்பே அறைக்குக் கிளம்பிவிடுவது நல்லது.

அங்கிருந்து மேஜிக் கிங்டத்துக்கும் அனிமல் கிங்டத்துக்கும் பஸ்தான். இலவசம், சாய்தளம் உண்டு, பூங்கா வாசலுக்கே போகும். ஏரி, படகு, டிராம் எதுவும் குறுக்கே வராது. கஷ்டம் எல்லாம் வாணவேடிக்கை முடிந்த பிறகுதான். அந்த நேரம் நம் ஓட்டல் வரிசை வளைந்து நெளிந்து நிற்கும். ஸ்ட்ரோலரில் தூங்கும் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் ஸ்ட்ரோலரை மடித்து, தொங்கும் பைகளைக் கழற்றிப் பெரிய பிள்ளையிடம் கொடுத்து, மறுகையால் அம்மாவை ஏற்றிவிட வேண்டும். பஸ்ஸில் ஸ்ட்ரோலரை மடித்தே ஆக வேண்டும் என்பது விதி. அந்த ஒரு இரவு மட்டும் ஒருவர் பெரியவர்களோடு வாணவேடிக்கைக்கு முன்பே கிளம்பிவிடலாம். இல்லையென்றால் எல்லாரும் கூட்டம் கலைகிற வரை பூங்கா வாசலை ஒட்டிய மெயின் ஸ்ட்ரீட் கடைத்தெருவிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வரலாம். நாங்கள் இரண்டாவதைத்தான் செய்வோம்.

அப்பா அம்மாவைப் பற்றி இன்னொன்று. ஐந்து நாளும் அவர்களைப் பூங்காவுக்கு இழுக்க வேண்டாம். ஒரு நாள் டிக்கெட்டே ஆளுக்கு 119 டாலரில் தொடங்குகிறது, விடுமுறைக் காலத்தில் இன்னும் ஏறும். அவர்களுக்கு இரண்டு நாள் டிக்கெட் போதும். மற்ற நாட்களில் அவர்கள் எங்கே இருப்பார்கள் என்பதில்தான் இரண்டு இடத்துக்கும் பெரிய வித்தியாசம். கிஸிமி வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும், நீங்கள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு அவர்களுக்கு நாலு சுவர்தான். நடந்து போக ஒரு கடை கிடையாது, பேச ஆள் கிடையாது, கேட்டைத் தாண்டினால் ஆறுவழிச் சாலை. டிஸ்னி ஓட்டலில் விட்டுவிட்டுப் போனால் காலையில் ஏரியைச் சுற்றி நடப்பார்கள், பேரப்பிள்ளை வயதுக் குழந்தைகள் குளத்தில் ஆடுவதைப் பார்ப்பார்கள். ஸ்கைலைனருக்கும் மோனோரயிலுக்கும் டிக்கெட் வேண்டாம், எத்தனை முறை வேண்டுமானாலும் சுற்றி வரலாம். எங்கள் மாமனார் ஒரு காலை முழுக்க ஸ்கைலைனரிலேயே போய் வந்துவிட்டு, எந்தக் கம்பத்தில் வண்டி ஆடுகிறது, எந்த நிலையத்தில் திரும்புகிறது என்று எங்களுக்கு விவரமாகச் சொன்னார். அவருக்கு அந்தப் பயணத்தில் மிகவும் பிடித்தது அதுதான்.

சரி, சாப்பாடு. வீடு எடுக்கலாம் என்று நம்மவர்கள் சொல்வதற்குப் பாதிக் காரணம் சமையலறைதான், அதில் நியாயமும் இருக்கிறது. சாதாரண ஓட்டல் அறையில் சமைக்க முடியாது. ஆனால் டிஸ்னி பூங்காக்களுக்குள் வெளிச் சாப்பாட்டைக் கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. கிளம்பும்போதே புளியோதரை, இட்லிப்பொடி தடவிய சப்பாத்தி, தேப்லா (குஜராத்தி ரொட்டி) என்று கட்டிக்கொண்டால் முதல் இரண்டு நாளுக்குக் கவலை இல்லை. தயிரும் பாலும் ஃபிரிட்ஜில் இருக்கட்டும். மைக்ரோவேவில் சாதம் வைக்கும் பிளாஸ்டிக் பாத்திரம் ஒன்றை எடுத்துப் போங்கள், மதியத் தயிர் சாதத்துக்கு அது போதும். உணவுக் கவுண்டர்களில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசமாகத் தருவார்கள். இன்சுலின் போன்ற மருந்து இருந்தால் ஒவ்வொரு பூங்காவிலும் உள்ள முதலுதவி மையத்தில் குளிரில் வைக்கலாம். ஒரு வேளை வெளியே சாப்பிட வேண்டும் என்றால் அனிமல் கிங்டம் லாட்ஜில் சனா என்ற உணவகம் இருக்கிறது. நாண் போன்ற ரொட்டி வகைகளோடு சட்னி, ஊறுகாய், ராய்தா என்று கிண்ணம் கிண்ணமாக வரும். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேயும். அங்கே தங்காதவர்களும் முன்பதிவு செய்து போகலாம், 60 நாள் முன்பே திறந்துவிடும். தங்குவதற்கு அந்த லாட்ஜை நான் சொல்ல மாட்டேன், எங்கே போவதென்றாலும் பஸ்ஸோ காரோதான் வேண்டும்.

செலவை ஒப்பிடும்போது ராத்திரி வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். வீட்டுக்குச் சுத்தம் செய்யும் கட்டணம் தனி. வெளி ஓட்டல் என்றால் ரிசார்ட் கட்டணம் என்று நாளுக்கு ஒரு தொகை சேரும். பூங்காவில் கார் நிறுத்த ஒரு நாளைக்கு 30 டாலருக்குக் குறையாது. டிஸ்னி ஓட்டலில் தங்குபவர்களுக்கு அது இலவசம், ஓட்டலில் நிறுத்தவும் 2023 முதல் காசு இல்லை. எங்கே தங்கினாலும் 12 முதல் 14 சதவீதம் வரை வரி உண்டு. எல்லாவற்றையும் கூட்டினாலும் ஆறு பேருக்கு வீடு மலிவாகத்தான் வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் பதிவுப் பக்கத்தில் தெரிகிற அளவு வித்தியாசம் இருக்காது.

டிஸ்னி ஓட்டலில் தங்கினால் எந்தப் பூங்காவிலும் அரை மணி முன்னதாக நுழையலாம். நீண்ட வரிசையைத் தவிர்க்க உதவும் லைட்னிங் லேன் மல்டி பாஸ் வாங்கினால் மற்றவர்கள் 3 நாள் முன்பு பதிவு செய்வதை நீங்கள் 7 நாள் முன்பே செய்யலாம். நல்ல வசதிகள்தான். ஆனால் இவற்றுக்காக மட்டும் உள்ளே தங்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். டிஸ்னி ஸ்பிரிங்ஸ் என்ற கடைவீதிப் பக்கமுள்ள சில வெளி ஓட்டல்களுக்கும் அந்த அரை மணி கிடைக்கிறது.

இரண்டு குடும்பங்கள் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு பேராகப் போனாலோ, ஒரு வாரத்தில் இரண்டு நாள்தான் பூங்கா என்றாலோ, பிள்ளைகள் எல்லாம் பத்து வயதுக்கு மேல் என்றாலோ நானும் வீடுதான் எடுப்பேன். ஆர்லாண்டோவில் டிஸ்னிக்குப் போட்டியாக இருக்கும் யூனிவர்சல் பூங்காக்களுக்கு மட்டும் போகிறவர்களுக்குக் கணக்கே வேறு. அங்கே போர்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் மூன்றிலும் அறை எடுத்தால் அங்கே தங்கும் ஒவ்வொருவருக்கும் யூனிவர்சலின் பழைய இரண்டு பூங்காக்களில் நீண்ட வரிசையைத் தவிர்க்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் சேர்ந்தே வரும். 2025 மே மாதம் திறந்த எபிக் யூனிவர்ஸ் என்ற அவர்களின் புதிய பூங்காவுக்கு அது செல்லாது.

பெற்றோரின் விமானத் தேதி இன்னும் உறுதியாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் டிக்கெட்டோடு சேர்ந்த பேக்கேஜாக வாங்காமல் இப்போதைக்கு அறையை மட்டும் பதிவு செய்யுங்கள். வருகிற நாளுக்கு ஒரு வாரம் முன்பு வரை ரத்து செய்தால் முன்பணம் திரும்பிவிடும். பேக்கேஜ் என்றால் 30 நாள் முன்பே சொல்ல வேண்டும். குடும்ப சூட்டுகள் ஜூனுக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் அறையை இந்த வாரமே பிடித்துவிட்டு, டிக்கெட்டைத் தேதி உறுதியான பிறகு வாங்குங்கள்.