மூன்று நாள் தில்லிப் பயணத்தில் ஒரு நாளை ஆக்ராவுக்குக் கொடுக்கலாமா?

நீங்கள் கொடுத்துள்ள விவரங்களைச் சுருக்கிக்கொள்கிறேன். அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் கடைசி வாரத்தில், வியாழன் இரவு சென்னையிலிருந்து தில்லி சேர்கிறீர்கள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் கையில் இருக்கின்றன. அறுபத்தைந்தைக் கடந்த பெற்றோரும் நான்காம் வகுப்பு படிக்கும் மகளும் உடன் வருகிறார்கள். திரும்பும் டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. இடையில் ஒரு நாள் தாஜ்மஹாலுக்குப் போய் வரலாமா என்பது கேள்வி. தில்லியில் வேலை பார்த்த காலத்தில், ஊரிலிருந்து வந்த உறவினர்களுக்கெல்லாம் ஆக்ராவுக்குத் துணையாகப் போனவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆக்ராவுக்குப் போங்கள், ஆனால் அன்றே தில்லிக்குத் திரும்பாதீர்கள்.

முதலில் வெள்ளிக்கிழமையை அடித்துவிடுங்கள். அன்று தாஜ்மஹால் பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை. தில்லிக்கும் ஆக்ராவுக்கும் இடையே ஓடும் கதிமான் எக்ஸ்பிரஸுக்கும் அன்று விடுமுறை. வெள்ளியன்றும் கார் பேசிக்கொடுத்து, யமுனைக்கு அக்கரையில் உள்ள மஹ்தாப் பாக் தோட்டத்திலிருந்து தாஜைக் காட்டி அழைத்து வருபவர்கள் உண்டு. கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவது போன்ற அந்தத் தரிசனத்துக்காக வயதானவர்களை அவ்வளவு தூரம் அலைக்கழிக்க வேண்டாம்.

மிஞ்சுவது சனியும் ஞாயிறும். பலரும் தொலைவை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்திலிருந்து ஆக்ரா கன்டோன்மென்ட் 188 கிலோமீட்டர். கதிமான் அதை ஒரு மணி நாற்பது நிமிடத்தில் கடந்துவிடும் என்பதால், அரை நாள் வேலைதானே என்று தோன்றும். ஆனால் அந்த வண்டி காலை 8.10-க்குப் புறப்படுகிறது என்றால், கரோல்பாக் பக்கம் தங்கியிருக்கும் நீங்கள் ஏழு மணிக்குள் அறையைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். டிசம்பர் குளிரில் பெரியவர்கள் குளித்துத் தயாராக ஐந்தரைக்கே எழ வேண்டும். மாலை 5.50-க்கு ஆக்ராவில் ஏறி, 7.30-க்கு நிஜாமுதீனில் இறங்கி, ஆட்டோ பிடித்து அறைக்கு வரும்போது எட்டரை ஆகிவிடும். காலையிலும் மாலையிலும் தில்லிக்குள் கழியும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அன்றைய அலுப்பு மறுநாள் காலையையும் தின்றுவிடும்.

இதற்கு மேல் பனிமூட்டம் வேறு. டிசம்பர் பிற்பாதியிலும் ஜனவரியிலும் கங்கை, யமுனைச் சமவெளி முழுவதும் அடர்பனி இறங்கும். ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். 2012-இல் திறந்த யமுனா விரைவுச்சாலை 165 கிலோமீட்டர் நீளமுள்ள அருமையான சாலைதான் என்றாலும், பனிக்காலத்து விடியற்காலையில் அதில் கார் பயணம் செய்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அடுக்கடுக்காக வண்டிகள் மோதிக்கொள்ளும் விபத்துகள் அந்தச் சாலையில் அந்தப் பருவத்தில்தான் நிகழ்கின்றன. சூரிய உதயத்தில் தாஜ் என்ற ஆசையும் அந்த மாதத்துக்குப் பொருந்தாது. பனி அடர்ந்த நாளில் காலை ஒன்பது மணிக்கும், நீர்த்தடாகத்தின் இந்த முனையில் நின்றால் எதிரே கட்டடம் இருப்பதே தெரியாது. பத்தரை, பதினொன்றுக்கு மேல்தான் குவிமாடம் மெல்லத் துலங்கும். ஆகவே உங்களுக்கு நண்பகலே நல்ல நேரம்.

வாசலில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பெரியவர்கள் களைத்துப்போவது அங்கேதான். பெட்ரோல், டீசல் வண்டிகளைத் தொலைவிலேயே நிறுத்திவிடுவார்கள். கிழக்கு வாசலுக்கு ஷில்ப்கிராம் நிறுத்துமிடத்திலிருந்து பேட்டரி வண்டி கிடைக்கும், கூச்சப்படாமல் அதில் ஏற்றிவிடுங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிச் சோதனை வரிசை என்பதால் அம்மாவுடன் யார், அப்பாவுடன் யார் என்பதை முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். மகளுக்காக எடுத்து வைத்த முறுக்கும் பிஸ்கட்டும் உள்ளே போகாது. தண்ணீர்ப் புட்டியும் கைப்பேசியும் போகும். இந்தியர்களுக்கு நுழைவுச்சீட்டு 50 ரூபாய், கல்லறை மண்டபத்துக்குள் செல்ல மேலும் 200 ரூபாய், 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை. சீட்டு மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும். மண்டபத்துக்குள் பார்ப்பவை நினைவுக் கற்கள்தாம், உண்மைக் கல்லறைகள் கீழறையில் உள்ளன. அங்கே மகளுக்கு ஒன்றைக் காட்டுங்கள்: எல்லாமே இருபுறமும் ஒன்றுபோல் அமைந்த அந்த வளாகத்தில், மும்தாஜின் கல் நட்ட நடுவில் இருக்க, பிறகு வந்து சேர்ந்த ஷாஜகானின் கல் மட்டும் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும்.

ஆக்ராவுக்கு ஒரு நாளைக் கொடுத்தால் தில்லியில் எதை இழப்பீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். செங்கோட்டை, குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை ஆகிய மூன்றும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. இவற்றை இரண்டு நாளில் அவசரமில்லாமல் பார்த்துவிடலாம். சந்தைகளும் அருங்காட்சியகங்களும் மீதமாகும், மீதமாகட்டும். ஆனால் ஹுமாயூன் கல்லறையை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். 1570-ஐ ஒட்டிக் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் சிவந்த கட்டடத்தை முதலில் பார்த்துவிட்டு, அறுபது ஆண்டுகளுக்குப் பின் தொடங்கப்பட்ட தாஜ்மஹாலை அடுத்துப் பார்க்கும்போது, நான்காகப் பகுத்த தோட்டம், உயர்ந்த மேடை, இரட்டைக் குவிமாடம் என்று ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்பது ஒன்பது வயதுக் குழந்தைக்கும் புரியும். தாஜை மட்டும் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இது கிடைப்பதில்லை.

இப்போது வழி. சென்னை செல்லும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், ஜி.டி. எக்ஸ்பிரஸ் இரண்டுமே புதுதில்லியிலிருந்து ஆக்ரா கன்டோன்மென்ட் வழியாகத்தான் தெற்கே வருகின்றன. வெள்ளியும் சனியும் தில்லியைப் பாருங்கள். ஞாயிறு காலை அறையைக் காலி செய்து, பெட்டிகளோடு கதிமானில் ஆக்ராவில் இறங்கி, நிலையத்தின் பொருள் காப்பறையில் அவற்றை வைத்துவிடுங்கள். பூட்டு இல்லாத பைகளை ஏற்க மாட்டார்கள். தாஜை முடித்து, பெற்றோருக்குத் தெம்பு இருந்தால் ஆக்ரா கோட்டையையும் பார்த்துவிட்டு, இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் செவ்வாய் காலை சென்ட்ரலில் இறங்கலாம். இரவு பதினொரு மணிவரை நடைமேடைக் குளிரில் காத்திருப்பது பெற்றோருக்குச் சிரமம் என்றால், அதற்கு முன்பே ஆக்ராவைக் கடக்கும் ஜி.டி. எக்ஸ்பிரஸை எடுங்கள், கோட்டையை விட வேண்டி வரலாம். திங்கள் முழுவதும் ரயிலில் போகும் என்பது உண்மை; பள்ளி விடுமுறையில் அது பெரிய இழப்பில்லை. கட்டாயம் விமானத்தில்தான் திரும்ப வேண்டும் என்றால், இந்த முறை ஆக்ராவை விட்டுவிட்டு, மார்ச் மாத வாக்கில் இன்னொரு பயணம் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பதிவு 60 நாள் முன்னதாகத் திறக்கும். அரையாண்டு விடுமுறை என்பதால் அன்று காலை எட்டு மணிக்கே கணினி முன் உட்கார வேண்டியிருக்கும். ஆக்ராவிலிருந்து எடுத்தால் காத்திருப்புப் பட்டியல் என்று வருகிறதா, புதுதில்லியிலிருந்து எடுத்து, ஏறும் நிலையத்தை ஆக்ரா கன்டோன்மென்ட் என்று பதிவின்போதே குறிப்பிட்டுவிடுங்கள். கட்டணம் சற்றுக் கூடும், படுக்கை கிடைத்துவிடும்.