மட்டையும் பலகையும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பாளையங்கோட்டையில் ஒரே வகுப்பில் படித்தவர்கள் நாங்கள் ஐந்து பேர். 1998இல் நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில், இரண்டு காலையும் ஒரே பலகையில் பிணைத்துக்கொண்டு பனியில் சறுக்கும் ஸ்னோபோர்டிங் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, பத்திரிகையில் வந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, என்றாவது ஒரு நாள் நாமும் பனியில் இப்படிச் சறுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். படிப்பு, வேலை, கல்யாணம், வீட்டுக்கடன் என்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. வருகிற பிப்ரவரியில் நான்கு பேர் காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போகிறோம். ஐந்தாமவனுக்கு இப்போது வசதிப்படவில்லை. மொத்தம் நான்கு நாள். முதல் நாள் பழகிவிட்டு, இரண்டாம் நாள் கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியில் உச்சிக்குப் போய், அங்கிருந்து சறுக்கி இறங்குவதை வீடியோ எடுப்பதாகத் திட்டம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஆசை தேவையா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஸ்னோபோர்டைவிட, காலுக்கு ஒரு கட்டையாக மாட்டிச் சறுக்கும் ஸ்கீ எளிது என்றும் சிலர் சொல்கிறார்கள். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

தங்கள் வாசகன், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

வயதைப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். தாராளமாக ஆசைப்படலாம். 1965 கிறிஸ்துமஸ் நாளில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மஸ்கீகன் என்ற ஊரில், ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் பெண் குழந்தைகள் விளையாடுவதற்காக இரண்டு ஸ்கீ கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்து ஒரே பலகையாக்கிக் கொடுத்தார். இன்றைய ஸ்னோபோர்டின் முன்னோடி அதுதான். ஒரு தகப்பன் பிள்ளைகளுக்குச் செய்து கொடுத்த விளையாட்டுச் சாமான் முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஒலிம்பிக்குக்குப் போயிற்று. ஸ்கீயா ஸ்னோபோர்டா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. எளிது என்பதற்காக வேறொன்றைப் பழகவா இத்தனை ஆண்டுகள் காத்திருந்தீர்கள்?

ஆனால் உங்கள் இரண்டாம் நாள் திட்டத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. குல்மார்க் கோண்டோலா இரண்டு கட்டமாகச் செல்கிறது. முதல் கட்டம் கோங்டூரியில் நிற்கிறது. இரண்டாம் கட்டம் ஆப்பர்வட் மலையின் தோளில், 3,900 மீட்டருக்கும் மேலான உயரத்தில் கொண்டுபோய் விடுகிறது. நம் பொதிகை உச்சி 1,868 மீட்டர்தான். அதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான உயரத்தில், மூச்சு வாங்கும் இடத்தில், பெரும்பாலும் செப்பனிடப்படாத பனிச்சரிவில், முந்தின நாள்தான் பலகையில் கால் வைத்த நான்கு பேர் இறங்கப் போகிறீர்கள். முப்பது முதல் நாற்பத்தைந்து பாகை வரை சாய்ந்த சரிவுகளில்தான் பனிப்பாளங்கள் அதிகம் பெயர்ந்து விழுகின்றன. அங்கே இறங்குகிறவர்கள் இருப்பிடம் காட்டும் கருவி, துழாவும் கம்பி, மண்வாரி ஆகியவற்றோடு, வழி தெரிந்த ஆளையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். புதையுண்டவரைப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று குறைந்துவிடும். 2024 பிப்ரவரியில் குல்மார்க் சரிவில் ஒரு வெளிநாட்டுச் சறுக்கு வீரர் அப்படித்தான் இறந்தார். வீடியோவுக்காக அங்கே போகாதீர்கள். கீழே குல்மார்க்கிலேயே புதியவர்களுக்கான மென்சரிவுகள் இருக்கின்றன. உங்கள் பயணம் முழுவதும் அங்கேயே கழியட்டும்.

இவ்வளவு கடுமையாகச் சொல்வதற்கு என் இடது மணிக்கட்டு ஒரு காரணம். அம்மா பிறந்த ஊர் காயாமொழிப் பக்கம், குதிரைமொழித் தேரியின் ஓரத்தில் இருந்தது. அன்று அதெல்லாம் திருநெல்வேலி மாவட்டம். கோடை விடுமுறையில் காலை வெயில் ஏறுவதற்கு முன், செக்கச்செவேலென்று கிடக்கும் அந்த மணல்மேட்டில் நாங்கள் பனைமட்டையில் சறுக்குவோம். எங்களில் மூத்தவன் ஒரு பனையேறியின் மகன். மட்டையின் இரு ஓரத்திலும் ரம்பப் பல் போல இருக்கும் கருக்கை அரிவாளால் சீவி, சீவிய இடத்தைத் தன் உள்ளங்கையால் இழுத்துப் பார்த்து, பிசிறு தட்டவில்லை என்று உறுதியான பிறகுதான் எங்களிடம் தருவான். அகன்ற அடிப்பகுதியில் உட்கார்ந்து, குறுகிய நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால், மட்டை நம்மைத் தானே கொண்டுபோகும். பாப்பன் செய்த பலகையின் மூக்கிலும் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இருந்தது என்று பிற்காலத்தில் படித்தபோது எனக்கு அந்த மட்டை நுனிதான் நினைவுக்கு வந்தது.

1974இல், எனக்குப் பதினொரு வயதில், ஒரு நாள் நான் மட்டைமேல் எழுந்து நின்றேன். “விழுந்தா கைய ஊனாதலே, உருண்டுரு” என்று அவன் கீழேயிருந்து கத்தினான். நான் கையை ஊன்றினேன். முறிந்த எலும்புக்கு அணையாக அந்த மட்டையிலேயே ஒரு துண்டு நறுக்கி வைத்து, தன் தலைத்துண்டால் கட்டி, நாட்டு வைத்தியர் வீடு வரை என் கையைத் தன் கைமேல் தாங்கிக்கொண்டே அவன் நடந்துவந்தான். முட்டை வெண்கருவைப் பூசி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். கை கூடிவிட்டது, ஆனால் மணிக்கட்டு இன்றும் முழுதாகத் திரும்புவதில்லை.

தம்பி, புதிதாக ஸ்னோபோர்டு பழகுகிறவர்கள் அதிகமாக அடிபடுவதும் இந்த மணிக்கட்டில்தான். ஸ்கீயில் விழுந்தால் கட்டையிலிருந்து காலணி கழன்றுகொள்ளும். ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில் பட்டையால் இறுகப் பிணைந்திருக்கும், விழுந்தாலும் கழலாது. பலகையின் குதிகால் விளிம்பிலோ விரல் விளிம்பிலோதான் நிற்க முடியும். சரிவின் கீழ்ப்பக்கம் இருக்கும் விளிம்பு பனியில் ஒரு நொடி குத்திவிட்டால் போதும், ஆளைத் தூக்கி அடித்துவிடும். அந்த நொடியில் காலை எடுத்து வைத்துச் சமாளிக்க வழியில்லாததால் கை தானாக முன்னால் நீளும். உடலின் எடை முழுவதும் விரிந்த உள்ளங்கை வழியாக மணிக்கட்டில் இறங்கும். எனவே, முன்புறம் விழுந்தால் முதலில் முழங்காலும், பிறகு விரல்களை மூடிய முன்கைகளும் தரையில் படவேண்டும். பின்புறம் விழுந்தால் மோவாயை நெஞ்சோடு ஒட்டி, உட்காருவது போலத் தாழ்ந்து, அப்படியே முதுகில் உருளவேண்டும். தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் இல்லாமல் பலகையைத் தொடவே கூடாது. இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் போதாது. பயந்த நொடியில் அறிவு உதவிக்கு வராது. உடம்புக்குப் பழகியிருப்பதுதான் வரும். நம் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்போடு மைதானத்திலிருந்து இழுத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்துவிடுகிறோம். அதன் பிறகு இருபது முப்பது ஆண்டுகளாக ஒருமுறைகூட விழாத உடம்பைத்தான் நீங்கள் நால்வரும் குல்மார்க்குக்குக் கொண்டுபோகிறீர்கள். அதற்கு விழப் பழக்க ஒரு நாள் எப்படிப் போதும்? குறைந்தது ஒரு வாரம் தங்குங்கள், கற்பிக்க ஓர் ஆளை அமர்த்திக்கொள்ளுங்கள். பனியும் நாம் டிக்கெட் எடுத்த தேதிக்கு வருவதில்லை. 2024 ஜனவரியின் பெரும்பகுதி குல்மார்க்கில் பனியே இல்லாமல் பழுப்பு நிலமாகக் கிடந்தது.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட வரி ஒன்று இருக்கிறது. ஐந்தாமவனுக்கு வசதிப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அவன் சொன்னானா, நீங்களாகத் தீர்மானித்தீர்களா? 1996இல் நாங்கள் நண்பர்கள் சிலர் பனி பார்க்க இமயமலையில் இருக்கும் ஔலிக்குப் போனோம். மட்டை சீவிக் கொடுத்தவனை நாங்கள் அழைக்கவில்லை. அவனால் செலவு செய்ய இயலாது, அழைத்தால் சங்கடப்படுவான் என்று எங்களுக்குள்ளேயே பேசி முடித்துவிட்டோம். திரும்பி வந்து படங்களை அவன் கடையில் வைத்துக் காட்டினேன். எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, ஒவ்வொரு படத்தையும் ஓரத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தான். எல்லாம் பார்த்து முடித்து, “தேரி மண்ணு மாதிரி இருக்குமாலே?” என்று கேட்டான். நான் அங்கே இரண்டு நாள் நின்று வேடிக்கை பார்த்தேனே தவிர, ஒருமுறைகூடச் சறுக்கவில்லை. அவனுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஐந்தாமவன் வீட்டுக்கு நேரில் போங்கள். போனில் கேட்கவேண்டாம். செலவை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதை அவனையும் உட்காரவைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு ஐந்து பேருமாகத் திருச்செந்தூர் சாலையில் வண்டியை விட்டு, தேரிக்குப் போய், மணலில் விழுந்து பழகுங்கள். கருக்குச் சீவிய மட்டையாக ஐந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விடியற்காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் அந்த மண்ணில் கால் வைக்க முடியாது.