தாத்தா போரிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் நோட்டுகளை இப்போது விற்றால் எவ்வளவு கிடைக்கும்?

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தானே கேட்டீர்கள். சாதாரண நோட்டு என்றால் ஒன்றுக்கு நூறு, இருநூறு கிடைத்தால் பெரிது. கசங்கிக் கிழிந்திருந்தால் அதுவும் கிடைக்காது. "உங்க வீட்ல இந்த நோட்டு இருக்கா? அஞ்சு லட்சம்!" என்று யாரோ வீடியோவில் கத்தியதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் கிளம்பினேன்.

ஏன் விலை இல்லை என்றால், இந்த நோட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ராணுவம் பிடித்த நாடுகளிலெல்லாம் அந்தந்த ஊர்ப் பணத்தின் பெயரிலேயே அச்சடித்துத் தள்ளியது. நோட்டில் தனியாக அச்சடித்திருக்கும் எழுத்துகளில் முதலாவதைப் பாருங்கள். ஆங்கில பி என்றால் பர்மா, எம் என்றால் மலாயா. ரூபாய் என்று இருந்தால் பர்மா, டாலர் என்று இருந்தால் மலாயா, சிங்கப்பூர் பக்கம். மலாயாவின் பத்து டாலரில் வாழைமரம் இருக்கும். 'கேட்டவுடன் தருவதாக ஜப்பான் அரசு உறுதி கூறுகிறது' என்று அதில் ஆங்கிலத்தில் ஜம்பமாக வேறு போட்டிருக்கும். ஆரம்பத்தில் வந்த சிலவற்றில் வரிசை எண் உண்டு, அவற்றுக்குக் கொஞ்சம் மதிப்பு. பிறகு எண் போடக்கூட நேரமில்லாமல் வெறும் எழுத்தோடு விட்டார்கள். 1945-ல் ஜப்பான் தோற்றதும் எல்லாம் செல்லாக்காசு. செல்லாத நோட்டை வாங்கி அழிக்க எந்த வங்கியும் வரவில்லை, அதனால்தான் இன்றும் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது.

ஜப்பான் அரசிடம் கொடுத்து மாற்ற முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியாது. ஹாங்காங்காரர்கள் தங்களிடம் இருந்த ராணுவ யென்னுக்காக (அங்கே ஜப்பான் ராணுவம் புழங்கவிட்ட பணம்) டோக்கியோ நீதிமன்றம் வரை போனார்கள். 1999-ல் வழக்குத் தள்ளுபடி ஆனது. இந்தியாவோ ஜப்பானோடு செய்த 1952 உடன்படிக்கையிலேயே போர் இழப்பீடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது.

சரி, இப்போது என் கதை.

என் தாத்தா மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படையில் இருந்தவர். பெங்களூரில் பயிற்சி, பிறகு பர்மா. பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. 'வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர்தானே, நேதாஜி படையில் சேர்ந்திருக்கலாமே' என்று பின்னூட்டத்தில் வருபவர்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் ஏழு வயிறு, மழை இல்லை, ஆள் எடுக்க வந்தார்கள், போனார். அவ்வளவுதான். 1945 மே மாதம் ரங்கூனுக்குள் நுழைந்தபோது தெருவெல்லாம் ஜப்பான் நோட்டு சருகுபோலப் பறந்ததாகச் சொல்வார். அதைச் சுருட்டிப் பீடி பற்றவைத்தார்களாம். "நூறு ரூபாயில பீடி பத்தவச்சவன்டா நான்" என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

அதில் பதினாலு நோட்டு ஊருக்கு வந்தது. டிரங்குப் பெட்டியில், ராணுவத்திலிருந்து விடுவித்தபோது தந்த டிஸ்சார்ஜ் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்தார். அவர் போன பிறகு பெட்டி என் கைக்கு வந்தது. பதின்மூன்று சுத்தமான நோட்டு. ஒரு பத்து ரூபாய் நோட்டில் மட்டும், கோயில் படத்தைச் சுற்றியிருந்த வெள்ளை ஓரம் முழுக்கப் பென்சிலில் பொடிப்பொடியாகப் பெயர்கள், எல்லாம் தமிழில். கூட இருந்தவர்கள் பெயரும் ஊரும். அமெரிக்கச் சிப்பாய்களும் இப்படி நோட்டில் ஒருவருக்கொருவர் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார்களாம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

எனக்கு அப்போது இருபத்தி மூன்று வயது, கையில் வேலை இல்லை. 'கறை, கிறுக்கல் இருந்தால் விலை போகாது' என்று எங்கோ படித்தேன். உட்கார்ந்து, ரப்பர் வைத்து, காகிதம் கிழியாமல் ஒரு மணி நேரம் பக்குவமாக அழித்தேன். நன்றாக அழிந்துவிட்டதே என்று சந்தோஷம் வேறு. மறுநாள் பழைய நாணயக் கடைக்காரர் பதினாலையும் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணு முப்பது ரூவா தரேன், வேணும்னா வச்சுட்டுப் போங்க" என்றார். அழித்த நோட்டைத் தனியாக எடுத்துத் திருப்பித் தந்தார். "இதுல யாரோ ரப்பர் போட்டிருக்காங்க தம்பி, இது வேணாம்."

மற்ற பதின்மூன்றையும் கொடுத்தேன். முன்னூற்றுத் தொண்ணூறு ரூபாய். பஸ் காசு போக என்ன மிஞ்சியது என்று கேட்காதீர்கள்.

சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டதால் தாத்தாவுக்கு ஓய்வூதியம் இல்லை. அப்படிப்பட்டவர்களின் மனைவிக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு என்று யாரோ சொல்ல, ஆயாவுக்காக அந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தின் அசலை ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம். நகல் போதாது என்றார்கள். ஆறு மாதம் நடந்தோம். கடைசியில் "எங்க கிட்ட கொடுத்ததுக்கு ரசீது இருக்கா?" என்றார்கள். ஆயா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் புத்தகம் இருந்தால் எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்றாவது தெரிந்திருக்கும். இப்போது அந்தப் பெயர்களைத் தேட எனக்கு எந்த நுனியும் இல்லை.

நான் நாணயம் சேர்ப்பவன் இல்லை, நிபுணனும் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் திருத்தலாம். விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, உங்கள் பொருள், உங்கள் விருப்பம். லேமினேட் மட்டும் செய்யாதீர்கள், பசை தடவி ஆல்பத்தில் ஒட்டாதீர்கள். துடைக்கவே துடைக்காதீர்கள்.

அந்த ஒரு நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால் பென்சில் அழுத்திய பள்ளம் லேசாகத் தெரிகிறது. ஓரிடத்தில் 'முசிறி' என்று படிக்க முடிகிறது. அதற்கு முன்னால் இருந்த பெயரில் கடைசி 'ன்' மட்டும்.

உங்கள் நோட்டுகளில் ஓரத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா? இருந்தால், கடைக்குப் போகும் முன் இருபக்கமும் படம் எடுத்து இங்கே போடுங்கள்.