கறித்தூள் கடையும் 2 வெள்ளியும்

அன்புள்ள ஐயா,

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் அப்பா தொடங்கிய மசாலா அரவைக் கடையை நடத்துகிறேன். பேரங்காடியில் பாக்கெட் கறித்தூள் எங்களைவிட மலிவு. சில்லறை வியாபாரம் படுத்துவிட்டது. கிலோவுக்கு 2 வெள்ளி (ரிங்கிட்) குறைக்கலாம் என்கிறான் மகன். சோறும் கறிக்குழம்பும் விற்கும் நாசி கண்டார் கடைகள் மட்டும் எங்களை விடவில்லை. ஒருவருக்குச் சோம்பு தூக்கலாக, இன்னொருவருக்கு மல்லியை நன்றாகச் சிவக்க வறுத்து என்று தனித்தனியாக அரைக்கிறோம். கலவையெல்லாம் மில்லில் நிற்கும் அண்ணனுக்கு மனப்பாடம். என்ன செய்யலாம்?

ஒரு வாசகர், பினாங்கு

அன்புள்ள நண்பருக்கு,

விலையைக் குறைக்காதீர்கள். மலிவாக விற்பது யாராலும் முடியும். மலிவாக விற்றும் கையைக் கடிக்காமல் இருக்க வேண்டுமே. 2001இல் டோனி பெர்னாண்டஸ் ஏர் ஆசியா விமான நிறுவனத்தை 1 வெள்ளிக்கு, கடன் சுமையோடு வாங்கினார். தரையிறங்கிய விமானத்தை 25 நிமிடத்தில் மறுபடி கிளப்பினார்கள், ஒரே ரக விமானம் வைத்துக்கொண்டார்கள், சாப்பாட்டுக்குத் தனிக் காசு. மலிவு டிக்கெட் கட்டுப்படியானது இவையெல்லாம் சேர்ந்துதான். கன்டெய்னரில் மிளகாய் இறக்கும் கம்பெனியோடு மூட்டைக் கணக்கில் வாங்கும் நீங்கள் விலையில் மோதினால் கைமுதல் கரையும்.

நாசி கண்டார் கடைகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் பலமே அங்கேதான். அந்தக் குழம்பின் ருசி உங்கள் மில்லில் தொடங்குகிறது. தூளை மாற்றினால் தினம் வந்து சாப்பிடுகிறவர் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார். 2 வெள்ளி மிச்சத்துக்காக எந்த முதலாளியும் அந்த ஆபத்தில் இறங்க மாட்டார். அரைத்த தூளின் வாசம் நாளாக ஆகக் குறையும் என்பது அவருக்கும் தெரியும்.

எனக்குக் கவலை தருவது அண்ணனின் மனப்பாடம். அவர் நாளை அடுத்த தெருவில் மில் வைத்தால் வாடிக்கையும் கூடவே போகும். அளவுகளை எழுதி வையுங்கள். அவர் சம்மதத்தோடு எழுதுங்கள். கடையில் அவருக்கு ஒரு பங்கும் கொடுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வாடகையையும் பாருங்கள். 1948க்கு முன் கட்டிய கடைவீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000 தொடக்கத்தோடு முற்றாக நீங்கியபோது ஜார்ஜ்டவுனில் தொழில் நன்றாகத் தெரிந்த பழைய கடைக்காரர்களே காலி செய்ய நேர்ந்தது. கட்டடம் சொந்தமில்லை என்றால் ஒப்பந்தத்தை நீண்ட காலத்துக்குப் போடப் பாருங்கள்.

மகனை பட்டர்வொர்த், பாயான் லெபாஸ் பக்கம் புதிதாகக் கடை போடுகிறவர்களிடம் அனுப்புங்கள். ஒரு கிலோ அரைத்துக் கொடுத்துச் சமைக்கச் சொல்லட்டும். குழம்பு அவர்களுக்குப் பிடிக்கும்வரை கலவையை மாற்றித் தரட்டும். விலையைப் பிறகு பேசலாம்.